எழுதாமல் விட்ட வரி

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868-இல் ஜார்ஜியா சட்டமன்றத்தில், ‘என் உரிமைக்காக யாரிடமும் கெஞ்ச மாட்டேன்’ என்று முழங்கியவர் கறுப்பின உறுப்பினர் ஹென்றி மெக்நீல் டர்னர். அவரே பின்னாளில் கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடலாம் என்று பிரச்சாரம் செய்தார். இது ஓடிப்போவதுதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஓடிப்போவது! எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நீங்களும் நானும் யாரை வேண்டுமானாலும் கோழை என்று சொல்லலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு வாரமாக எனக்கும் அந்த மனிதர் நினைப்புதான், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். ஆப்பிரிக்கா கிடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

உங்களுக்கு அந்த உரை. எனக்கு அதற்குச் சில மாதங்கள் முன்னால் நடந்தது. ஜார்ஜியாவுக்குப் புதிய அரசியல் சாசனம் எழுத அட்லாண்டாவில் கூடிய சபையில் டர்னரும் ஒருவர். வரி கட்ட முடியாதவர்களின் சொத்து ஏலம் போகக்கூடாது என்று, நேற்றுவரை எஜமானர்களாக இருந்தவர்களுக்காகவும் பேசிய மனிதர். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை என்று சாசனத்தில் எழுதினார்கள். பதவிக்கு வரும் உரிமையும் உண்டு என்று ஒரு வரி எழுதவில்லை. ஓட்டுப் போடுகிறவன் தேர்தலில் நிற்கவும் செய்யலாம், இதையெல்லாமா எழுதிவைப்பார்கள்?

எழுதியிருக்க வேண்டும் ஐயா! என் வீட்டுக்காரர் ஒருவர், ‘காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பணம் பிடிக்க மாட்டேன், என் பேச்சே போதும்’ என்றார். நாலு வருஷம் கழித்து காபி கொடுத்து உபசரித்துக்கொண்டே, ‘அக்ரிமெண்டில் அப்படி இல்லையே சார்’ என்றார். அட்வான்ஸில் இரண்டு மாத வாடகை போயிற்று. அன்றிலிருந்து என் மனைவி பால் கணக்குக்கும் கையெழுத்து வாங்குகிறாள்.

எனக்குப் போனது பணம், அவ்வளவுதான். அங்கே ஓட்டு வாங்கி ஜெயித்து வந்த 30-க்கும் மேற்பட்ட கறுப்பர்களில் பெரும்பாலோரை, ‘எங்கே எழுதியிருக்கிறது, காட்டு’ என்று சொல்லி செப்டம்பரில் வெளியேற்றினார்கள். டர்னரும் அதில் ஒருவர், நீங்கள் சொன்ன உரை அப்போதுதான். அவர்களிடம் தோற்றவர்களைக் கூப்பிட்டு அதே நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். நாலு பேர் மட்டும் தப்பினார்கள். தோல் வெளுப்பு, கறுப்பு ரத்தம் எத்தனை பங்கு என்று நிரூபிக்க முடியவில்லையாம். ரத்தத்தில் பங்கு, வெல்லம் நிறுக்கிற மாதிரி.

வெளியேற்றப்பட்டவர்களில் ஏப்ரம் கோல்பியும் உண்டு. அடுத்த வருஷம் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கும்பலின் ஆட்கள் கதவை உடைத்து அவரைப் படுக்கையிலிருந்து இழுத்துப் போனார்கள். மூன்று மணி நேரம் சவுக்கடி, செத்தான் என்று போட்டுவிட்டுப் போனார்கள். இழுத்துப் போகும்போது கெஞ்சி அழுத அவருடைய சின்ன மகளுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினார்கள். அந்தப் பயத்திலிருந்து அவள் மீளவே இல்லை, இறந்துபோனாள். 1871-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் கோல்பி சொன்னார், நாளைக்கே தேர்தல் என்றாலும் கறுப்பர் உரிமையை ஆதரித்த குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டு என்று அடித்தவர்களிடமே சொன்னதாக.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தலையிட்டு 1870-இல் உறுப்பினர்களைத் திரும்ப உட்காரவைத்தது, சரி. அதற்குள் டர்னர் எதையெல்லாம் பார்த்துவிட்டார்! உங்கள் கேள்வியை அந்த ஒரு சொல் இல்லாமல் மறுபடி எழுதி அனுப்புங்கள், ஆப்பிரிக்கா பற்றிப் பேசலாம்.