அகத்தித் தீவுக்குப் போவதானால் ஒரு நாளைக் கையிருப்பில் வையுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜனவரியில், எழுபது வயதான அப்பாவையும் அழைத்துக்கொண்டு இலட்சத்தீவின் அகத்திக்குச் செல்ல விரும்புகிறோம். வெள்ளி இரவு காட்பாடியில் ரயில் ஏறி, சனிக்கிழமை கொச்சியில் விமானம் ஏறுவதாகத் திட்டம். திங்கள் பகலில் கொச்சி திரும்பி அன்று மாலையே ரயிலைப் பிடித்தால், செவ்வாய் காலை வேலூர் மருத்துவமனையில் அப்பாவுக்கு வாங்கியிருக்கும் தேதிக்குப் போய்விடலாம். இது சரிவருமா?"

மாதம் நல்ல மாதம். நாள் கணக்குதான் ஆபத்தானது. அகத்தி விமானத்தை, சென்னைக்கும் மதுரைக்கும் இடையே பறக்கும் விமானத்தைப் போல் நம்பி அடுத்த பயணத்தை அதனோடு ஒட்டி வைக்கக் கூடாது.

காரணம் ஓடுதளம். தீவின் தென்முனையில் இருக்கும் அது ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமே உடையது. சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுதளம் அதைப்போல் மூன்று மடங்கு. தீவு அவ்விடத்தில் மிகவும் ஒடுங்கியிருப்பதால், இறங்கும்போது இருபுற ஜன்னல்களிலும் கடல்தான் தெரியும். ஏடிஆர் போன்ற சிறிய சுழல்விசிறி விமானங்களே அங்கு வந்துபோகின்றன. அவையும் முழுச் சுமையோடு பறக்க முடியாமல், எடைக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே பறக்கின்றன. காற்று சூடாகும்போது அதன் அடர்த்தி குறைவதால் விமானம் மேலெழ அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். தளம் நனைந்திருந்தால் பிரேக் பிடித்து நிற்கவும் அதிக தூரம் வேண்டும். குறுக்கே அடிக்கும் காற்று வரம்பைத் தாண்டினால் விமானி இறங்காமல் கொச்சிக்கே திரும்பிவிடுவார். நீண்ட ஓடுதளத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத மழைகூட இங்கே அன்றைய பயணத்தையே தீர்மானித்துவிடும்.

பயணம் ரத்தானால் அடுத்த விமானத்தில் உடனே இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். விமானங்களும் சில, இருக்கைகளும் சில. அதே இருக்கைகளை நம்பித்தான் தீவு மக்களும் சிகிச்சைக்கும் படிப்புக்கும் கொச்சிக்கு வருகிறார்கள். நம் திட்டம் மாறிவிட்டால் டிக்கெட்டைக் கடைசி நேரம்வரை வைத்திராமல் முன்கூட்டியே ரத்து செய்துவிடுங்கள். அந்த இடம் ஒரு நோயாளிக்குப் போகலாம்.

ஆகவே இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். வியாழன் இரவே காட்பாடியில் ஏறி, வெள்ளியன்று ஆலுவாவில் இறங்கித் தங்குங்கள்; கொச்சி விமான நிலையம் உள்ள நெடும்பாசேரி அங்கிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது, எர்ணாகுளம் வரை போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம். திங்களன்று கொச்சி வந்ததும் ரயில் ஏறாமல், செவ்வாய் மாலை ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். விமானமும் ரயிலும் தனித்தனி டிக்கெட். ஒன்று தாமதமானதற்காக மற்றொன்றின் பணம் திரும்பி வராது. அப்பாவின் மருத்துவமனைத் தேதியை வியாழனுக்கோ அதற்குப் பின்னரோ தள்ளி வாங்குங்கள். பெட்டிகளின் எடையை வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து, டிக்கெட்டில் கண்ட வரம்புக்குள் வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நுழைவு அனுமதி வேண்டும். இலட்சத்தீவுகளைச் சேராத எவரும், இந்தியக் குடிமக்களே ஆனாலும், 1967ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற்றே அங்கு செல்ல முடியும். தீவில் இருக்கும் ஒருவரோ, நீங்கள் தங்கப்போகும் விடுதியோ, பதிவுபெற்ற பயண ஏற்பாட்டாளரோ இதில் துணை நிற்பார்கள். காவல்துறைச் சான்று கேட்கப்படும் என்பதால், பயணம் செய்யும் எல்லோருக்கும் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் ஊர்ப்பக்கம் முன்னெழுத்தை ஒரு சான்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் எழுதும் வழக்கம் இருப்பதால் இதைத் தனியே சொல்கிறேன்.

கப்பலும் உண்டு. கொச்சியிலிருந்து தீவைப் பொறுத்து ஏறத்தாழ 14 முதல் 18 மணி நேரம் ஆகும். ஆனால் கடல் நிலையைப் பொறுத்து, கப்பல் வெளியே நங்கூரமிட்டுப் பயணிகளைச் சிறு படகில் இறக்குவதும் உண்டு. அலையில் படகு மேலே எழும்பும் கணம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள முதியவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு வழிகளுமே நம்பகமானவை அல்ல. மழைக்காலம் முடிந்த பிறகும் புயல் வரக்கூடும். 2017 டிசம்பர் தொடக்கத்தில் ஒக்கி அத்தீவுகளைத் தாக்கியது. ஜனவரி பெரும்பாலும் அமைதியான மாதம் என்பதால்தான் உங்கள் தேர்வு நல்லது என்றேன்.

பவளத் துண்டு எதையும் நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். மதுவுக்கும் அகத்தியில் தடை உண்டு.

அப்பாவின் உடல்நிலையைப் பற்றி நீங்கள் விவரமாக எழுதவில்லை. அகத்தியில் ராஜீவ் காந்தி சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் கடுமையான நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொச்சிக்கு அனுப்ப நேர்கிறது. இதயக் கோளாறோ, அடிக்கடி ஏறி இறங்கும் சர்க்கரையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டு அவர் சம்மதித்த பிறகே டிக்கெட் எடுங்கள். மூன்று நாள் பயணத்துக்கு ஏழு நாள் மாத்திரைகளை எடுத்துச் செல்லுங்கள். அவற்றையும் மருந்துச்சீட்டின் நகலையும், இன்சுலின் போடுபவரானால் அதையும், சரக்கில் போகும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எடை மிகுந்தால் சில பெட்டிகள் பின்னால் வரும் விமானத்துக்கு மாற்றப்படலாம்.