"நேத்து நல்லாத்தாங்க நீந்துச்சு": தொட்டி மீன் திடீர்னு சாகுறது பத்தி கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்காவாசி ஒரே கேள்விதான். ராத்திரி நல்லா இருந்துச்சு, வெள்ளனா எந்திரிச்சு பாத்தா மெதக்குது, என்ன மருந்து போடணும்? செத்ததுக்கப்புறம் மருந்து எதுக்குங்க. வியாதின்னா மீன் மொதல்ல திங்காம மூலைல ஒதுங்கும், துடுப்ப சுருக்கும், ஒடம்புல புள்ளியோ புண்ணோ தெரியும், ஒண்ணொண்ணா நாலஞ்சு நாள் எடுத்துத்தான் போகும். ஒரே ராத்திரில மொத்தமா போச்சுன்னா பெரும்பாலும் தண்ணிக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. அதனால எனக்கு எழுதும்போது செத்த மீன் ஃபோட்டோவ விட கடைசி 24 மணி நேரத்துல வீட்ல என்னென்ன நடந்துச்சுன்னு எழுதுங்க, கரண்ட் போச்சா, தண்ணி மாத்துனீங்களா, சம்ப் கழுவுனீங்களா, பெயிண்ட் அடிச்சீங்களா, அதுலதான் விஷயம் இருக்கும்.

வில்லாபுரத்துல இருந்து ஒரு தம்பி: அண்ணே, 3 அடி தொட்டி. அழகர் ஆத்துல எறங்குறத பாக்க மொத நாள் ராத்திரியே குடும்பத்தோட கெளம்பிட்டோம். மறுநாள் வந்து பாத்தா பெரிய கோல்ட் ஃபிஷ் நாலும் காலி, ஏஞ்சல் ஒண்ணு காலி. கப்பி எல்லாம் தண்ணி மேல ஒட்டிக்கிட்டு கெடக்கு, கௌராமி மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்துது. ராத்திரி கரண்ட் போயிருக்கு, தொட்டிக்கு காத்து விடுற மோட்டார் இன்வெர்ட்டர்ல இல்ல. கடைல பாக்டீரியான்னு சொல்லி ஒரு மஞ்சப் பவுடர் குடுத்தாங்க, போடவா?

போடாதீங்க தம்பி. உங்க கௌராமியே பதில் சொல்லிருச்சு. மீன் மார்க்கெட்ல பாத்திருப்பீங்க, அன்னக்கூடைல ரெண்டு வெரல் தண்ணில விரால் மணிக்கணக்கா உசுரோட நெளியும், பக்கத்து கூடைல கெண்டை எப்பவோ வாயப் பொளந்திருக்கும். விரால் வெளிக்காத்த குடிக்கும், கெண்டையால முடியாது. கௌராமியும் ஃபைட்டரும் விரால் மாதிரி, கோல்ட் ஃபிஷ் கெண்டை சாதி. காத்து குடிக்கிற மீன் பொழச்சு மத்தது போச்சுன்னா அங்க குத்தவாளி ஆக்சிஜன்தான்.

இன்னொரு அடையாளமும் நீங்களே எழுதிருக்கீங்க, பெருசு மொதல்ல போச்சு, சிறுசு மேல ஒட்டிக்கிட்டு பொழச்சுக்கிச்சு. ஆக்சிஜன் கொறஞ்சா பெரும்பாலும் பெரிய மீன்தான் முந்தும், விஷம்னா குட்டி மீன் முந்தும். செத்த மீனோட வாய் 'ஓ'ன்னு தெறந்து செவுள் விரிஞ்சு நின்னுச்சான்னும் ஞாபகப்படுத்தி பாருங்க.

ஏன் ராத்திரின்னா, 25 டிகிரி தண்ணில லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு கொஞ்சம் மேல ஆக்சிஜன் நிக்கும், 32 டிகிரில 7 சொச்சம்தான். சித்திர மாசம் மதுரைல மூடுன வீட்டுக்குள்ள தொட்டி 32ல நிக்கிறது பெரிய விஷயமே இல்ல. சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சும் அதிகமா வேணும். அதோட செடி, பாசி எல்லாம் பகல்ல ஆக்சிஜன் விடும், லைட் அணைஞ்சா அதுகளும் நம்மள மாதிரி இழுக்கத்தான் செய்யும், அதனால விடியக்காலைலதான் தண்ணில ஆக்சிஜன் ரொம்ப வறண்டு கெடக்கும். கண்மாய்ல மூடாக்கு போட்ட அன்னிக்கு வெள்ளனா மீன் வாய வெளிய நீட்டிக்கிட்டு நிக்குமே, அதே கததான்.

ஊருக்கு கெளம்பும்போது "ரெண்டு நாளைக்கு சேத்து"ன்னு ஒரு கை தீனி அள்ளிப் போட்டீங்களான்னு எழுதல. போட்டிருப்பீங்க. அது அழுகவும் ஆக்சிஜன்தான் செலவு. வளந்த மீன் ரெண்டு மூணு நாள் பட்டினி தாராளமா தாங்கும். ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைங்க, இல்லாட்டி அந்த மோட்டார இன்வெர்ட்டர்ல குடுங்க, அது இழுக்குற கரண்ட் ஒண்ணுமே இல்ல. ஆள் இருக்கும்போது கரண்ட் போனா மூடிய தெறந்து ஒரு சொம்பால மொண்டு ஒரு அடி ஒசரத்துல இருந்து திரும்ப ஊத்துங்க, பத்து நிமிசம் ஊத்தி கொஞ்ச நேரம் விட்டு திரும்ப ஊத்துங்க. தொட்டிக்கு வெளிய மூடுன டப்பாவா நிக்கிற கேனிஸ்டர் ஃபில்டர், கரண்ட் இல்லாம ரொம்ப நேரம் நின்னிருந்தா அப்பிடியே ஆன் பண்ணாதீங்க, உள்ள நாறுன தண்ணி மொத்தமும் தொட்டிக்குள்ள வரும், தெறந்து கொட்டிட்டு பஞ்ச தொட்டித் தண்ணிலயே அலசிட்டு போடுங்க.

செல்லூர்ல இருந்து ஒரு அக்கா: ஒரு வருசமா தொட்டில மீன் நல்லா இருந்துச்சு தம்பி. போர் தண்ணி உப்புன்னு கேன் தண்ணிதான் ஊத்துவேன், கொறைய கொறைய ஊத்துறதோட சரி. வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு முக்காவாசி தண்ணிய எறைச்சிட்டு, கேன் வராததால போர் தண்ணி புடிச்சு ஊத்துனேன். ரெண்டு மணி நேரத்துல எல்லாம் சுத்தி சுத்தி விழுந்துருச்சு. போர் தண்ணில குளோரின் கூட கெடையாதே?

அக்கா, இது எனக்கே ஒரு காலத்துல நடந்திருக்கு, 20 மோலி மீன் ஒரே மத்தியானத்துல போச்சு, அன்னிக்கு எனக்கும் புரியல.

போர் தண்ணி மேலயும் தப்பில்ல, கேன் தண்ணி மேலயும் தப்பில்ல, ரெண்டும் சந்திச்ச எடத்துலதான் வெவகாரம். கேன் தண்ணி ஆர்ஓ தண்ணி, அதுல பிஎச்ச (தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு, கொறஞ்சா அமிலம்) தாங்கிப் புடிக்கிற கார்பனேட் ஏறக்கொறைய இருக்காது. மீன் கழிவால மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா அமிலம் சேந்து பிஎச் 6க்கும் கீழ எறங்கிருக்கும். அவ்வளவு எறங்குனா கழிவ திங்கிற நல்ல பாக்டீரியா கிட்டத்தட்ட வேலைய நிறுத்திரும், கழிவுல இருந்து வர்ற அம்மோனியா சேரும். ஆனா அமிலத் தண்ணில அம்மோனியா பெருசா கடிக்காத உருவத்துல கெடக்கும், அதனால மீன் ஒண்ணும் காட்டிக்காது. நீங்க பாத்த "நல்லா இருந்துச்சு" அதுதான்.

பிஎச் 7ல மொத்த அம்மோனியாவுல நூத்துக்கு அரைப் பங்குதான் விஷ உருவத்துல இருக்கும், 8ல நூத்துக்கு அஞ்சு, அதாவது பத்து மடங்கு. நம்ம ஊர் போர் தண்ணி பெரும்பாலும் 7.5க்கு மேலதான். அந்தத் தண்ணி விழுந்த ஒடனே தூங்கிட்டு கெடந்த அம்மோனியா முழிச்சிருச்சு. உப்புச்சத்து திடீர்னு ஏறுனது வேற ஒரு அடி. கால்வாசி கழிவு மிச்சமிருந்தாலும் அது போதும்.

தெரிஞ்சுக்கணும்னா, எறைச்ச வாளில அடித்தண்ணி கொஞ்சமாவது மிச்சம் இருக்கா பாருங்க, அதுல அம்மோனியா டெஸ்ட் கிட்டும் பிஎச் டெஸ்ட் கிட்டும் போட்டு பாருங்க. இனிமே வாரம் கால்வாசி மாத்துங்க. போர் தண்ணிய பாதி, ஆர்ஓ பாதின்னு கலந்து, ஆனா எப்பவும் ஒரே அளவுல. வருசம் பூரா தொடாம இருந்த தொட்டிய ஒரே நாள்ல சுத்தம் பண்ணவே கூடாது, நாளுக்கு ஒரு வாளின்னு ரெண்டு வாரம் இழுத்துச் செய்ங்க. விருந்தாளி அழுக்குத் தொட்டிய பாத்துட்டு போகட்டும்.

மேலூர்: சம்ப் கழுவி விட்டாங்க, அன்னிக்கே தண்ணி மாத்துனேன், அரை மணி நேரத்துல துள்ளித் துள்ளி செத்துச்சு.

ப்ளீச்சிங் பவுடர். வேற எதுவும் தேட வேணாம். குடிதண்ணில கொழாய் முனைல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும்னு நம்ம நாட்டு தரமே சொல்லுது, நமக்கு நல்லதுதான், மீன் செவுளுக்கு அதுவே எரிச்சல். சம்ப்ல கழுவுன ஆளு கைக்கு வந்தத போட்டிருப்பாரு. வாய் அகலமான டிரம்ல ஏர் போட்டு ஒரு நாள் வைங்க, அவசரம்னா குளோரின முறிக்கிற ஆன்டி குளோரின் சொட்டு மருந்து, அதுவும் தண்ணி தொட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி. சந்தேகமா இருந்தா குளோரின் சொட்டு கிட் விட்டு பாருங்க, மஞ்சளா மாறுனா ஊத்தாதீங்க.

திருமங்கலம்: ஃப்ளவர்ஹார்ன் மீன் ஒண்ணே ஒண்ணு, ஆச ஆசையா வளத்தது, ராத்திரி தல குப்புற சுத்திட்டு காலைல செத்துருச்சு. வீட்டுக்கு வர இருந்த கெட்டத அது வாங்கிக்கிச்சுன்னு அம்மா சொல்றாங்க. தண்ணி மாத்தல, கரண்ட் போகல.

அம்மா சொல்றதுல பாதி சரி, என்னமோ வீட்டுக்குள்ள வந்தத அது வாங்கிக்கிச்சு. ஏர் பம்ப் எங்க இருக்கு, அதுக்கு பக்கத்து பிளக்ல என்ன சொருகிருக்கீங்க? கொசு லிக்விடா? பம்ப் ரூம் காத்த உறிஞ்சி அப்பிடியே தண்ணிக்குள்ள குமிழி விடுது, காத்துல என்ன இருக்கோ அது தொட்டிக்குள்ள. கொசு சுருள், லிக்விட், கரப்பான் ஸ்ப்ரேல பெரும்பாலும் இருக்குற பைரித்ராய்டுங்குற பூச்சிமருந்து குடும்பம் மீனுக்கு ரொம்ப கொடுமையான விஷம், நரம்புல ஏறும், அதான் அந்த தலகுப்புற சுத்தல். பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. ஸ்ப்ரே அடிக்கணும்னா தொட்டிய மூடி பம்ப நிப்பாட்டி, ஜன்னல தெறந்து காத்து ஓடுனதுக்கப்புறம் பம்ப திரும்ப போடுங்க, லிக்விட வேற ரூமுக்கு மாத்துங்க. தொட்டிக்கு ஒரு தண்ணி மாத்து, விஷத்த உறிஞ்ச கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் (ஃபில்டர்ல போடுற கரி), அதுக்கப்புறம் அடுத்த மீன்.

கே.கே.நகர்: புதுத்தொட்டி, பத்து நாளாச்சு, 15 மீன் விட்டேன், தெனம் ஒண்ணு போகுது. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே?

கண்ணாடி மாதிரி இருக்குறதுக்கும் நல்லா இருக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல, அம்மோனியாவும், அத பாக்டீரியா தின்னா வர்ற நைட்ரைட்டும் கண்ணுக்கு தெரியாது. இந்த கழிவ திங்கிற நல்ல பாக்டீரியா ஃபில்டர்ல ஊறி நிக்க 4ல இருந்து 6 வாரம் ஆகும், நீங்க மொத நாளே 15 விட்டுட்டீங்க. இப்ப செத்த மீனோட செவுள் மூடிய ஒரு குச்சியால தூக்கிப் பாருங்க, செத்து ஒரு மணி நேரத்துக்குள்ள பாக்கணும், அப்புறம் எல்லாமே வெளுத்துரும். நல்ல ரத்தச் செவப்பா இல்லாம காப்பித்தூள் நெறமா இருந்தா நைட்ரைட்னு சந்தேகப்படலாம், அது ரத்தத்த ஆக்சிஜன் தூக்க விடாது, ஏர் எவ்வளவு விட்டாலும் மூச்சு வாங்கும். அதுக்கு மட்டும் கல் உப்பு நெசமாவே வேல செய்யும், லிட்டருக்கு ஒரு கிராம், கரைச்சு ஊத்துங்க. தெனம் கால்வாசி தண்ணி மாத்துங்க, தீனிய ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாக்குங்க, புது மீன் வாங்காதீங்க. தெரிஞ்சவங்க வீட்ல பழைய ஃபில்டர் பஞ்சு ஒரு துண்டு கெடச்சா வாங்கிப் போடுங்க, கடைல விக்கிற எந்த பாட்டிலையும் விட அது மேல்.

உசிலம்பட்டி: எல்லாத்துக்கும் உப்பும் நீல மருந்தும் போடலாமா?

வேணாம். நீல மருந்து (மெத்திலீன் ப்ளூ) ஃபில்டர் பாக்டீரியாவையும் கெடுக்கும், நோயில்லாத தொட்டில நோய நீங்களே கூப்புடுறீங்க.

அழகர்கோவில் ரோடு: எல்லாம் செத்துப் போச்சு, ஒரு முழ நீளத்துக்கு, பாசி திங்கிற டேங்க் கிளீனர் மீன் மட்டும் இருக்கு. வெறுத்துருச்சு, பக்கத்து கண்மாய்ல விட்றவா?

விடாதீங்க. அது தென் அமெரிக்க மீன், நம்ம தண்ணில கெடந்து பெருகும், கரைல குழி தோண்டும், மீன் புடிக்கிறவங்க வலைல அந்த முள்ளு சிக்குனா வலையும் போச்சு. கடைல திருப்பிக் குடுங்க, வாங்கலன்னா பெரிய தொட்டி வச்சிருக்குற யாருக்காவது குடுங்க. அதுவும் காத்து குடிக்கிற மீன்தான், அதான் உங்க வீட்ல அது மட்டும் பொழச்சிருக்கு. ராத்திரி கரண்ட் போச்சான்னு பக்கத்து வீட்ல கேளுங்க.