இராயன் காசு, விதவைக் காசு: எது அசல், எது போலி?

கேள்வி: ஜெருசலேமுக்குப் புனிதப் பயணம் போன என் அம்மா அங்கே ஒரு கடையில் இரண்டு பழங்காசுகள் வாங்கி வந்தார். ஒன்று வெள்ளி. வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன இராயன் (ரோமப் பேரரசர்) காசு அதுதான் என்றாராம் கடைக்காரர். மற்றது செம்பு நிறத்தில் மிகச் சிறியது. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட காசாம். இவை அசலா?

பதில்: கையில் வாங்கிப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது. ஆனால் அந்தச் சின்னக் காசு அசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது வெள்ளியை.

விதவைக் காசு என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அலெக்சாண்டர் யன்னேயு என்ற யூத மன்னர் (கி.மு. 103–76) வெளியிட்ட வெண்கலக் காசுகள். கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு ஜெருசலேமைப் பிடித்த பிறகும் இவை சில்லறையாகப் பல காலம் புழங்கின. மண்ணில் இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. போலி செய்து பெரிய லாபம் பார்க்க முடியாது. ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் கதிர்களுடன் நட்சத்திரம் தெரிகிறதா பாருங்கள். எடை ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்கலாம். வில்லைகளை வரிசையாக ஒட்டினாற்போல் வார்த்து, அச்சடித்த பின் வெட்டிப் பிரித்தார்கள். அதனால் ஓரத்தில் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அது குறையல்ல, நல்ல அறிகுறி. நங்கூரத்துக்குப் பதில் கேள்விக்குறி போல வளைந்த கோல் இருந்தால் இன்னும் சுவாரசியம்: அது யூதேயாவின் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து கி.பி. 30ஐ ஒட்டி வெளியிட்டது. ரோமக் குறி சொல்லும் பூசாரிகளின் கோலை யூதர்கள் புழங்கும் காசில் போட்ட ஆள் அவர்!

வெள்ளிக்கு வருவோம். இராயன் காசு என்று வழக்கமாகக் காட்டப்படுவது திபேரியு இராயன் (கி.பி. 14–37) காலத்துத் தெனாரியஸ் என்ற ரோம வெள்ளிக் காசு. இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சானது. முகப்பில் இலைமுடி சூடிய தலை. சுற்றிலும் 'தெய்வமான அகுஸ்துவின் மகன்' (அகுஸ்து இவருக்கு முந்தைய பேரரசர்) என்ற பொருளில் லத்தீன் எழுத்து. பின்புறம் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண், கூடவே தலைமைப் பூசாரி என்ற பட்டம். உருவ வழிபாட்டை வெறுத்த யூதர்களிடம் "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?" என்று இயேசு கேட்டது எவ்வளவு சுருக்கென்று தைத்திருக்கும்!

வேடிக்கை என்னவென்றால், கி.பி. 70க்கு முந்தைய ஜெருசலேம் மண்ணடுக்குகளில் தெனாரியஸ் அரிதாகத்தான் கிடைக்கிறது. இயேசு கையில் இருந்தது இதே வகைதானா என்று நாணயவியலாளர்கள் வாதிடுவதும் அதனால்தான். நம் கோவை வட்டாரத்திலோ அகுஸ்து, திபேரியு காசுகள் புதையலாகவே வந்திருக்கின்றன. வெள்ளலூர் நல்ல உதாரணம். மிளகு வாங்க வந்த பணம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ரோமக் காசுகளைப் பார்க்கலாம். அசலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

கிறிஸ்தவச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குவதால் இந்தத் திபேரியு தெனாரியஸின் விலை சில நூறு டாலர். ஆகவே போலிகளுக்குப் பஞ்சமில்லை. நகைக்கடைத் தராசில் வையுங்கள்: சுமார் மூன்றரை முதல் நான்கு கிராமுக்குள் இருக்க வேண்டும். பிறகு பூதக்கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அசல் காசு சுத்தியலால் அடித்தது. படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம், ஓரத்தில் வெடிப்பு இருக்கலாம். விளிம்பில் சுற்றுக்கோடு, பரப்பில் குண்டூசிக் குழிகள், மழுங்கிய எழுத்து எல்லாம் தெரிந்தால் அச்சில் வார்த்த நகல். எடையும் விளிம்பும் தேறினால் மட்டும் நாணயவியல் தெரிந்தவரிடம் காட்டினால் போதும்.

எக்காரணம் கொண்டும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், உரைகல்லிலும் உரசாதீர்கள். பச்சை படிந்த மேல்தோல் போனால் மதிப்பும் போகும்.

அம்மாவிடம் ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இஸ்ரேலின் 1978ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் பெற்ற வியாபாரிதான் இவற்றை விற்கலாம். நாட்டை விட்டு எடுத்துப்போக அனுமதியும் வேண்டும். அந்த இரண்டு தாளும் இருந்தால் காசுகளோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் விற்க நினைத்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.