வேடத்துக்கான தலைக்கவசம்: எந்தப் பொருளில் செய்வது?

கேள்வி: இதுவரை எதுவும் செய்ததில்லை. எந்தப் பொருளில் தொடங்கலாம்?

பதில்: ஈவிஏ ஃபோம், அதாவது மெத்தென்ற நுரை பிளாஸ்டிக் விரிப்பு. 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன் தலைக்கவசத்துக்குச் சரியாக இருக்கும். 10 மில்லிமீட்டர் விரிப்பு கவிகை வடிவத்துக்கு எளிதில் வளையாது. 2 மில்லிமீட்டர் ஃபோமை மேலே ஒட்டும் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அது மட்டமான சரக்கு. வெட்டிய துண்டுகளை ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்கி, கையால் வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்த வடிவிலேயே நிற்கும். ஒட்டுவதற்கு கான்டாக்ட் சிமெண்ட் என்ற பசை நல்லது. இரு பக்கமும் தடவி, ஈரம் காய்ந்து லேசாகப் பிசுபிசுக்கும்போது சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது என்பதால் ஒரு முனையிலிருந்து நிதானமாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

கேள்வி: மகளின் பள்ளி நாடகத்துக்கு அட்டை போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். ஒரு நாள் மேடைக்கு அதற்கு மேல் செலவழிக்கத் தேவையே இல்லை. நெளிவு அட்டை அதன் வரிகளின் திசையில்தான் மடியும். ஒரு பக்கத் தாளை உரித்துவிட்டால் நன்றாக வளையும். உருண்டையான வடிவம் வேண்டுமானால், ஊதிய பலூன் மேல் செய்தித்தாள் கீற்றுகளைப் பசையில் தோய்த்து ஒட்டுங்கள். ஓரிரு அடுக்கு காய்ந்த பின்பே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வியர்வை பட்டு ஊறாமலிருக்க உட்புறம் வார்னிஷ் பூசி, வாசனை முழுவதும் போன பிறகு அணியச் செய்யுங்கள்.

கேள்வி: தெர்மோகோலில் செதுக்கி ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். மேற்பரப்பு அரித்துப்போய்விட்டது. ஏன்?

பதில்: தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன். ஸ்ப்ரே பெயின்டில் உள்ள கரைப்பான் அதைக் கரைத்துவிடும். கான்டாக்ட் சிமெண்டும் பெரும்பாலும் இதையேதான் செய்யும். முதலில் வெள்ளைப் பசையை இரண்டு மூன்று முறை பூசிக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் தீட்டுங்கள். ஃபோமுக்கும் இந்த வெள்ளைப் பசைப் பூச்சு உதவும். பூசிய பின் ஃபோம் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளாது.

கேள்வி: பிவிசி தகட்டை ஹீட் கன்னால் வளைக்கலாமா?

பதில்: வேண்டாம். அதிகம் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். நுரையீரலை அது எரிக்கும்.

கேள்வி: காகித மாதிரியின் மேல் ஃபைபர் கிளாஸ் போட்டால் உறுதியாக இருக்குமாமே?

பதில்: இருக்கும். ஆனால் வீட்டுக்குள் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி இழையின் மேல் பூசும் பாலியெஸ்டர் பிசினிலிருந்து ஸ்டைரீன் என்ற நச்சு ஆவி வரும். சாதாரணத் தூசி முகமூடி அதைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி, கையுறை, திறந்தவெளி மூன்றும் வேண்டும். காய்ந்ததைத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடி இழை தோலையும் கண்ணையும் உறுத்தும். முதல் தலைக்கவசத்துக்கு இவ்வளவு ஆபத்து தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: முப்பரிமாண அச்சில் எடுக்கலாமா?

பதில்: நுணுக்கமான வடிவங்களுக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். அடுக்குக் கோடுகளைத் தேய்த்து மறைக்கப் பொறுமை வேண்டும். ஃபோமைவிடக் கனமாகவும் இருக்கும், கழுத்து சீக்கிரம் வலிக்கும்.

கேள்வி: அளவு பார்த்துத்தான் செய்தேன், தலை நுழையவில்லை.

பதில்: நெற்றிச் சுற்றளவை மட்டும் அளந்திருப்பீர்கள். முழு முகத்தையும் மூடும் கவசத்தில் கழுத்துப் பக்கத் திறப்புதான் சிக்கல். மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரையுள்ள நீளம் அந்தத் திறப்பில் நுழைய வேண்டும். திறப்பைப் பெரிதாக்க மனமில்லையென்றால் பின்பகுதியைத் தனியாக வெட்டிக் காந்தங்களால் பொருத்துங்கள். உள்ளே மெத்தை வைக்கவும் இடம் விடுங்கள். ஃபோமை வெட்டும் முன் இதையெல்லாம் அட்டையில் செய்து தலையில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: கண் பகுதிக் கண்ணாடியில் மூச்சு படிகிறதே?

பதில்: வாய்க்கு நேரே துளைகளும், உச்சியில் மறைவான திறப்பும் விடுங்கள். சூடான காற்று மேலே வெளியேறும்.

கேள்வி: இதை அணிந்து சைக்கிள் ஓட்டலாமா?

பதில்: கூடாது. மோதலின் அதிர்ச்சியை இது தாங்காது. பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும்.