உப்பிய பேட்டரிக்குப் பதில் ‘கிராபீன் பேட்டரி’ போடலாமா?

தேவகோட்டை வாசகி ஒருவரின் கேள்வி: “மூன்று வருடமாக வைத்திருக்கும் கைப்பேசியின் பேட்டரி உப்பிவிட்டது. கடைக்காரர், லித்தியத்தின் காலம் முடிந்தது, கிராபீன் பேட்டரி போட்டால் பத்து வருடம் உழைக்கும் என்கிறார். போடலாமா? அல்லது சோடியம் பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?”

இரண்டும் வேண்டாம், அம்மா. அந்தக் கைப்பேசியைச் சார்ஜ் செய்வதை இன்றே நிறுத்துங்கள்; உப்பிய பகுதியை அழுத்தவோ குத்தவோ கூடாது. தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தில் அதே மாடலுக்குரிய பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பேசியின் சார்ஜ் செய்யும் மின்சுற்று குறிப்பிட்ட வகைப் பேட்டரியின் மின்னழுத்தத்துக்கென்றே அமைக்கப்பட்டது. வேறு வகையை அதில் பொருத்த முடியாது.

கிராபீன் என்பது ஓர் அணு தடிமனுள்ள கரித்தாள். கடைகளில் அந்தப் பெயரில் விற்பது, மிஞ்சிப்போனால் அந்தக் கரி சிறிது கலந்த லித்தியம் பேட்டரிதான். பல நேரங்களில் அதுகூட இல்லை, உறை மட்டுமே புதிது. இதே ஏமாற்று எமர்ஜென்சி விளக்குகளுக்கான 18650 என்னும் உருளைப் பேட்டரிகளிலும் நடக்கிறது. அந்த அளவில் இன்று கிடைக்கும் மிகச் சிறந்தவையே சுமார் 3,500 முதல் 4,000 மில்லி ஆம்பியர் மணிதான் கொள்ளும். ஆனால் 9,900 என்று கூசாமல் அச்சிட்டு விற்கிறார்கள். அந்த எண்ணைக் கண்டால் விலை கேட்காமலே திரும்பிவிடுங்கள்.

2023 முதல் சில புதிய கைப்பேசிகளில் வரும் சிலிக்கான்-கார்பன் பேட்டரியும் லித்தியம் வகையே. உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் இருக்கும் திட நிலை பேட்டரி இப்போதைக்குப் பெரும்பாலும் காதொலிக் கருவி போன்ற சின்னப் பொருள்களைக் குறிவைத்தே வருகிறது.

லித்தியத்துக்குப் பதில் சோடியத்தைப் பயன்படுத்தும் பேட்டரி மட்டும் நம் ஊருக்கு ஒரு விதத்தில் முக்கியமானது. முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், பவர் பேங்கும் கைவிளக்கும் மாதக்கணக்கில் அலமாரியிலேயே கிடக்கின்றன. லித்தியம் பேட்டரி அப்படி முழுவதும் வடிந்துவிட்டால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். கரைந்த செம்பு மறுபடி சார்ஜ் செய்யும்போது வேறிடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். சோடியம் பேட்டரியில் இரு பக்கமும் அலுமினியத் தகடே இருப்பதால், அது பூஜ்யம் வரை வடிந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஒரே எடையில் லித்தியத்தைவிடக் குறைவாகவே மின்சாரம் சேமிக்கும் என்றாலும், பூட்டிய வீட்டில் எடை யாருக்கு உறுத்தப் போகிறது? ஜப்பானில் 2025இல் சோடியம் பவர் பேங்க் விற்பனைக்கு வந்துவிட்டது. இங்கு வரும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதன் பதிவு எண்ணைச் சரிபார்த்தே வாங்குங்கள். அதுவரை, வீட்டைப் பூட்டும்முன் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, போகிறவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான ‘சிக்ரி’ மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியின் கடைத்தெருவிலேயே பொய் எண் அச்சிட்ட பேட்டரி விற்கிறது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. நான் விசாரித்த கடைகளில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. ஆகவே உங்கள் உப்பிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். சேவை மையத்திலேயே ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.