“எனக்கென்ன பைத்தியமா?” என்கிறாள்

கேள்வி: பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கல்யாணமாகி எட்டு வருடம், ஒரு பெண் குழந்தை. தம்பிக்காகக் கடன் வாங்கியதை மனைவியிடம் மறைத்துவிட்டேன். அது தெரிந்ததிலிருந்து வீட்டில் பேச்சே நின்றுபோனது. பெரியவர்கள் இரண்டு முறை உட்கார்ந்து பேசியும் நிலைமை மோசமானதுதான் மிச்சம். கவுன்சலரிடம் போகலாம் என்றால், “எனக்கென்ன பைத்தியமா?” என்கிறாள். போர்டு மாட்டியிருப்பவர்களில் யாரை நம்புவது? ஊருக்குத் தெரிந்துவிடாதா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: தம்பி, பெரியவர்கள் பேசியது ஏன் கைகொடுக்கவில்லை என்று யோசித்தீர்களா? பஞ்சாயத்து என்று உட்கார்ந்தாலே யார் மேல் தப்பு என்ற கேள்விதான் வரும். தீர்ப்பு வந்ததும் ஒருவர் தோற்றுப்போய் வீடு திரும்புவார். நல்ல ஆலோசகர் தீர்ப்புச் சொல்லமாட்டார். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக் கேட்பார், தேவைப்பட்டால் தனித்தனியாகவும் கேட்பார். முதல் நாளே “கொஞ்சம் அனுசரித்துப் போம்மா” என்று ஒருவர் சொன்னால், மறுபடி அவரிடம் போகாதீர்கள்.

கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ள முடிகிறது. அதனால் போனிலேயே விசாரியுங்கள். என்ன படித்தார், கணவன் மனைவியைச் சேர்த்துப் பார்த்துப் பழக்கம் உண்டா, ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் சொல்வாரா, ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்? முறையாகப் படித்தவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருந்தில்லாமல் பேசிச் சிகிச்சை தரும் உளவியல் நிபுணர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். உங்கள் இருவரில் யாருக்காவது தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை இருந்தால் தாமதிக்காமல் முதலில் அவரைப் பாருங்கள்.

பணம் இடித்தால், உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய் விசாரிக்கலாம். போனிலேயே மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணும் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ஊருக்குத் தெரியுமே என்ற பயத்துக்கு, 2017-ஆம் வருட மனநலச் சட்டமே சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் கோவைக்குப் போய்விடுங்கள், பக்கம்தானே.

சரி, மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தபோது அடிக்கடி பார்த்திருக்கிறேன். “இவளுக்கு என்னவென்று பாருங்கள்” என்று மனைவியை உட்காரவைத்துவிட்டு, கணவர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அந்தப் பெண்களில் பலர் அடுத்த முறை வரவே மாட்டார்கள். நீங்கள் கூப்பிட்டதும் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். மறைத்தது நீங்கள். அதனால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். “நான் ஏன் உன்னிடம் மறைத்தேன் என்று எனக்கே புரிய வேண்டும், அதற்காகப் போகிறேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருவர் மட்டும் போனாலும் பலன் உண்டு.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் கணவரோடு சேர்ந்து கவுன்சலிங் போகாதீர்கள். அங்கே மனம்விட்டுச் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் தம்பி, ஆலோசகரைத் தேடி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி, யார் கட்டுகிறார்கள் என்று ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். இன்னொரு கடன் இருந்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.