ஹேங் கிளைடரில் மலைச்சரிவை ஒட்டிப் பலர் ஒன்றாகப் பறக்கும்போது மோதிக்கொள்ள மாட்டார்களா?

எஞ்சின் இல்லாத இறக்கை எப்படி அவ்வளவு நேரம் மேலேயே நிற்கிறது என்றும், ஒரே சரிவில் பலர் பறப்பது ஆபத்தில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிட்னிக்குத் தெற்கே, ஸ்டான்வெல் பார்க் கடற்கரைக்கு மேலே நிற்கும் பால்ட் ஹில் குன்றிலிருந்து நாங்கள் ஆறு பேர் பறந்த ஒரு பிற்பகலை வைத்தே பதில் சொல்கிறேன்.

அந்தக் குன்று கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். அதன் அடிவாரக் கடற்கரையில்தான் 1894 நவம்பர் 12 அன்று லாரன்ஸ் ஹார்கிரேவ், தாம் செய்த நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றாகக் கோத்து, தம்மையே 16 அடி உயரத்துக்குத் தூக்க வைத்தார். கடலிலிருந்து வரும் தென்கிழக்குக் காற்று சரிவில் மோதி, போக வழியின்றி மேல்நோக்கித் திரும்புகிறது. எங்கள் இறக்கை தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எப்போதும் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். காற்று அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் வரை நாங்கள் கீழே வருவதில்லை. ஆனால் அந்த ஏறுகாற்று சரிவை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டுமே கிடைக்கும் என்பதால், அத்தனை பேரும் அதற்குள்ளேயே போய்வர வேண்டியிருக்கிறது.

ஆகவே விதிகள் கண்டிப்பானவை. எதிரெதிரே வரும்போது, மலை யாருக்கு இடப்பக்கம் இருக்கிறதோ அவர்தான் வலப்புறம், அதாவது கடல் பக்கமாக, விலக வேண்டும். மலை வலப்பக்கம் இருப்பவருக்கு விலக இடமே கிடையாது. அங்கே தெற்கு நோக்கிப் போகிறவருக்கு மலை வலப்பக்கம் என்பதால், வடக்கே திரும்பி வருகிறவர்கள் வழிவிடுகிறார்கள். சரிவை ஒட்டிப் போகும்போது யாரும் மலையை நோக்கித் திரும்பக் கூடாது. திரும்புமுன் தோளுக்கு மேலாக ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

புறப்படுமுன் செய்யும் தொங்கல் சோதனையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். உடலில் அணியும் ஹார்னஸ் என்ற வார்க்கட்டை இறக்கையோடு மாட்டாமலே ஓடிக் குதித்து உயிரிழந்தவர்கள் இந்த விளையாட்டில் உண்டு. அன்று நண்பர் ஒருவர் இறக்கையின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, நான் கொக்கியில் தொங்கிப் படுத்தேன். அவர் குனிந்து, கேரபினர் என்ற அந்தக் கொக்கியின் திருகை விரலால் தொட்டு இறுக்கம் பார்த்த பிறகே தலையசைத்தார்.

மேலே போனதும் மற்றவர்களின் அருமை வேறு விதமாகத் தெரிந்தது. காற்று கண்ணுக்குத் தெரியாது. அடுத்தவரின் இறக்கை தெரியும். தெற்கே உள்ள கோல்கிளிஃப் ஊர்ப் பக்கம் போக, ரயில் பாலம் வளைந்து செல்லும் பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும். அங்கே சரிவு உள்வாங்குவதால் ஏறுகாற்று மெலிந்துவிடும். எனக்கு முன்னால் போனவர் பள்ளத்தாக்கின் மேல் சட்டென்று தாழ்வதைப் பார்த்து, நான் கடல் பக்கமாகத் திரும்பி வந்துவிட்டேன். வடக்கே, ஓட்ஃபர்ட் காட்டுக்கு மேலே, வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று இறக்கையை அசைக்காமல் வட்டமிட, அதற்குக் கீழே எங்களில் ஒருவர் இடப்புறமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஓர் ஏறுகாற்றுக்குள் முதலில் நுழைந்தவர் சுற்றும் திசையிலேயே பின்னால் வருபவரும் சுற்ற வேண்டும் என்பதால் நானும் இடப்புறமே திரும்பினேன். ஏறும் வேகத்தை ஒலியால் சொல்லும் வேரியோமீட்டரின் கூவல் விரைவாயிற்று. இரண்டு சுற்றுக்குள் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் குளிரில் விறைத்தன. போதிய உயரம் கிடைத்ததும் மறுபடி தெற்கே போய், பள்ளத்தாக்கைத் தாண்டினேன்.

நான் கடற்கரைப் புல்வெளியில் இறங்கியபோது எனக்கு முன்பே பத்திரமாக இறங்கியிருந்த அந்த நண்பர், காற்றின் திசை தெரிவதற்காக ஒரு ரிப்பன் துண்டை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். நான் தரையை நெருங்கியதும் கம்பியை முழுவதுமாக முன்னே தள்ளி, இறக்கையை நிமிர்த்தி, இரண்டு எட்டில் நின்றேன். பிறகு அவரவர் இறக்கையிலிருந்து, துணியை விறைப்பாக வைக்கும் பேட்டன் குச்சிகளை உருவத் தொடங்கினோம். ஐந்து இறக்கைகள்தான் புல்வெளியில் இருந்தன. ஆறாவது, குன்றின் உச்சிக்கு மேலே வெயிலில் இன்னும் போய்வந்துகொண்டிருந்தது. அது இறங்கும் வரை எங்களில் யாரும் காரை எடுக்கவில்லை.